லோரி வராத இரவிலும் ஏறிய கணக்கு: ஒரு ஷெல்லின் நினைவகக் கசிவைத் தேடியது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் உறவினர் ஒருவருக்குச் சிறிய செம்பனை ராம்ப், அதாவது குலை வாங்கும் நிலையம், இருக்கிறது. சுற்றியுள்ள சிறுதோட்டக்காரர்கள் வெட்டிய குலைகளை லோரியிலும் பிக்கப்பிலும் ஏற்றி வருவார்கள். பாரத்தோடு ஒரு எடை, குலையை இறக்கிய பின் வெறும் வண்டிக்கு ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். குலை வெட்டி நேரம் ஆக ஆகப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடுவார்கள். அதனால் எடைமேடையில் ஐந்து நிமிடம் தாமதமானாலும் பின்னால் ஹாரன் கேட்கும்.

மேடையிலிருந்து வரும் எண்ணை ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினிப் பெட்டி படிக்கிறது. அதில் ஓடுவது நான் சி மொழியில் எழுதிய ஒரு சின்ன ஷெல், அதாவது தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல், ஏறக்குறைய 3,000 வரி. பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கு எடுப்பதற்கு அதுதான் பெயர். லினக்ஸில் பாஷ் என்ற ஷெல் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக ஒரு ஷெல் எதற்கு என்று கேட்கலாம். கவுண்டரில் உட்காரும் ஐயா பல வருடம் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். முத்து நெடுமாறன் இந்த நாட்டில் உருவாக்கிய அஞ்சல் விசைமுறையில் தமிழை வேகமாகத் தட்டுவார். 'எடை', 'பதி', 'ரசீது', 'வேலைகள்' என்று அவருக்குத் தெரிந்த சொற்களையே கட்டளையாக வைத்தால் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் எழுதினேன். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஷெல்லுக்குள் ஒரு ஸ்கிரிப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை மேடையின் எண்ணைப் படித்து ஒரு கோப்பில் பதியும். ராத்திரி பகல் எந்நேரமும் ஓடும். வண்டி வந்தால் ஐயா கட்டளை தட்டுவார், ரசீது பின்னணியில் அச்சாகும்.

யு.பி.எஸ். மேல் விழுந்த பழி

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் ஐயா போன் பண்ணினார்.

"தம்பி, மெஷின் இழுக்குது. ஒரு ரசீதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது. அந்த யு.பி.எஸ். வெச்சதிலேர்ந்துதான் இப்படி."

இடி மின்னல் அதிகமான ஊர் எங்களுடையது. மாலை மழையில் அடிக்கடி மின்சாரம் போகும். ஒவ்வொரு தடவையும் பெட்டி அணைந்து எழுவதைப் பார்த்துவிட்டு நான்தான் யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். அது வந்த நான்காவது வாரத்தில் கோளாறு. போய் அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. அடுத்த நான்காவது வாரத்தில் மறுபடியும் அதேதான். இந்த முறை இழுத்து இழுத்துக் கடைசியில் 26ஆம் நாள் ஷெல்லே செத்துப்போனது.

கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, எழுதும் பதிவைப் பார்த்தேன். நினைவகம் போதாமல் கெர்னல் ஒரு செயல்முறையைக் கொன்றதாக ஒரு வரி இருந்தது. கொல்லப்பட்டது பெரட்டு. அதன் பெயருக்கு எதிரே ஏறத்தாழ 500,000 கேபி. தொடங்கும்போது அது பிடிப்பது 4,000 கேபிதான்.

ஐயா சொன்னதில் பாதி உண்மை என்று அப்போதுதான் புரிந்தது. யு.பி.எஸ். கோளாறை உண்டாக்கவில்லை. கோளாறு முதல் நாளிலிருந்தே இருந்தது. மின்சாரம் போனபோதெல்லாம் பெட்டி அணைந்து, கசிந்த நினைவகமும், அதாவது ஷெல் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத இடமும், துடைக்கப்பட்டுவிட்டது. தொடர்ந்து நான்கு வாரம் உயிரோடு இருக்க அந்த ஷெல்லுக்கு அதுவரை வாய்ப்பே கிடைக்கவில்லை.

சாவதற்கு முன் ஏன் இழுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கசிவைக் காட்டும் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். கசிந்த நினைவகப் பக்கங்களை யாரும் மறுபடி தொடுவதில்லை. அதனால் நெருக்கடி வந்ததும் கெர்னல் அவற்றைத்தான் முதலில் ஸ்வாப்புக்கு, அதாவது எஸ்டி அட்டையில் நினைவகத்துக்கென ஒதுக்கிய இடத்துக்கு, தள்ளும். அந்தப் பெட்டியில் ஸ்வாப் 100 எம்பி. அது நிரம்பும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. நிரம்பிய பிறகு கெர்னலுக்கு வேறு வழி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறைப் பக்கங்களையே நினைவகத்திலிருந்து எறிந்துவிட்டு, வேண்டும்போது எஸ்டி அட்டையிலிருந்து திரும்பப் படிக்கும். அட்டையின் வேகம் நமக்குத் தெரியும். ஐயாவின் இரண்டு நிமிடம் அங்கேதான் போனது.

இரவுக் கோடு

வார இறுதியில் என்னிடம் நிரலாக்கம் கற்றுக்கொள்ள வரும் ஒரு பாலிடெக்னிக் மாணவி இந்த வேலையில் கூட இருந்தாள். குறிமுறையைத் திறப்பதற்கு முன்னால் அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். லினக்ஸில் ஒவ்வொரு செயல்முறைக்கும் ப்ராக் அடைவுக்குள் ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் விஎம்ஆர்எஸ்எஸ் என்ற வரி, அந்தச் செயல்முறை உண்மையில் எவ்வளவு நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கேபியில் சொல்லும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை எழுதி வைக்கச் சொல்லிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம்.

அவள் அதை வரைபடமாகப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, ராத்திரி லோரியே வராதே. அப்புறம் ஏன் கோடு ஏறிக்கிட்டே இருக்கு?"

அதுவரை நான் ரசீது அச்சிடும் பகுதியைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். அங்கேதான் குறிமுறை சிக்கலானது. ஆனால் கோடு பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே சரிவில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல ஏறியது. இரவு எட்டு மணி நேரத்தில் 7,650 கேபி, அதாவது மணிக்கு 956 கேபி. இரவில் ஓடுவது அந்தச் சுற்று மட்டும்தான். ஆக, கசிவு சுற்றுக்குள் இருக்கிறது. ஒரு வரி குறிமுறையைக்கூடப் படிக்காமல் 3,000 வரியிலிருந்து முந்நூறு வரிக்கு வந்துவிட்டோம்.

இது உண்மையான கசிவுதானா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். விஎம்ஆர்எஸ்எஸ் ஏறினாலே கசிவு என்று சொல்லிவிட முடியாது. ஜிலிப்சி என்ற சி நூலகத்தில் நினைவகம் வாங்கித் தரும் மாலாக், நாம் விடுவித்த இடத்தையெல்லாம் உடனே கெர்னலிடம் திருப்பித் தராது. அடுத்த தேவைக்குக் கையில் வைத்துக்கொள்ளும். துண்டு துண்டாகச் சிதறினாலும் எண் ஏறும். அதனால் ஜிடிபி என்ற பிழைத்திருத்தியை ஓடும் ஷெல்லோடு இணைத்து, அது தூக்கத்தில் இருக்கும் கணத்தில் மாலாக்_ஸ்டாட்ஸ் என்ற செயற்கூறை அழைத்தோம். அது இரண்டு எண் தரும்: கெர்னலிடமிருந்து வாங்கியது எவ்வளவு, அதில் இன்னும் பயன்பாட்டில் இருப்பது எவ்வளவு. முதல் எண் மட்டும் ஏறினால் சிதறல். எங்களுக்கு இரண்டாவது எண்ணும் கூடவே ஏறியது. ஷெல் வாங்கியதைத் திருப்பித் தரவில்லை என்பது உறுதியானது.

வால்கிரிண்ட் சொன்னதும் சொல்லாததும்

ஜூலியன் சீவர்ட் தொடங்கி 2002இல் வெளிவந்த வால்கிரிண்ட் இன்றும் இந்த வேலைக்கு முதல் கருவி. நிரலை 20, 30 மடங்கு மெதுவாக்கும் என்பதால் ராஸ்பெர்ரி பையில் ஓட்டாமல் மடிக்கணினிக்கு மாற்றினேன். பிழைத்திருத்தக் குறிப்புகளோடு தொகுத்து, முழுக் கசிவுச் சோதனையைப் போட்டு, பத்துப் பதினைந்து கட்டளை தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அறிக்கை நூற்றுக்கணக்கான வரி. படிக்கவே முடியவில்லை. காரணம் ஷெல்லின் இயல்பு. ஷெல் ஒவ்வொரு வெளிக் கட்டளைக்கும் ஃபோர்க் செய்து, அதாவது தன்னையே நகலெடுத்து, ஒரு பிள்ளைச் செயல்முறையை உண்டாக்கும். வால்கிரிண்ட் அந்தப் பிள்ளைக்குள்ளும் தொடர்ந்து ஓடும். அந்த நகலில் வெளி நிரலை ஏற்றும் எக்ஸெக் தோற்றுப்போனாலோ, குழாய்த் தொடரில் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் உள்கட்டளை ஓடி முடிந்தாலோ பிள்ளையும் தன் பங்குக்கு ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுச் சாகும். அதில் தாயிடமிருந்து நகலாக வந்த இடங்களெல்லாம் இருக்கும். ஃபோர்க்குக்குப் பின் பிள்ளையை அமைதியாக்கும் தேர்வு ஒன்று வால்கிரிண்டில் உண்டு. அதைப் போட்டதும் தாயின் அறிக்கை மட்டும் வந்தது. பிள்ளையின் கசிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது செத்ததும் அதன் நினைவகம் முழுவதும் கெர்னலுக்குப் போய்விடும். ஷெல்லில் தேட வேண்டியது நாள் கணக்கில் உயிரோடு இருக்கும் தாயைத்தான்.

மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி, தட்டும் வரியை வாங்கித் தரும் ரீட்லைன் நூலகத்தினுடையது. விசை அட்டவணை, முனைய விவரம் என்று அது ஒருமுறை வாங்கிக் கடைசிவரை வைத்துக்கொள்ளும். ஏறாத எண் அது. ஒரு விலக்குக் கோப்பு எழுதி ஒதுக்கிவிட்டோம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ரீட்லைன் திருப்பித் தரும் வரி நம் பொறுப்பு, நாம்தான் விடுவிக்க வேண்டும். வரலாற்றுப் பட்டியல் அதைத் தனியாக நகல் எடுத்துக்கொள்ளும். பாஷையே சோதிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: பாஷ் தன் சொந்த மாலாக்கோடு வரும். அதை நீக்கித் தொகுத்தால்தான் வால்கிரிண்டின் கண்ணுக்கு எல்லாம் தெரியும்.

இத்தனையும் விலக்கிய பிறகு எனக்கு வந்த அறிக்கை சுத்தம். கசிவே இல்லை என்றது. பையில் மணிக்கு 956 கேபி ஒழுகிக்கொண்டிருக்கிறது, மடிக்கணினியில் ஒரு பைட்கூட இல்லை.

அரை நாள் போன பிறகுதான் பிடிபட்டது. நான் கையால் தட்டியது 'எடை துறை1' என்று நேரடியான சொல். ஸ்கிரிப்டில் இருந்தது 'எடை $துறை', மாறி. மேடைக்குப் பதிலாக ஒரே எண்ணைத் தரும் கோப்பு ஒன்றை வைத்து, தூங்கும் நேரத்தை எடுத்துவிட்டு, அசல் ஸ்கிரிப்டையே 1,000 சுற்று ஓட்டினேன். இந்த முறை தெளிவாக வந்தது: 2,000 துண்டுகளில் 512,000 பைட், திட்டவட்டமாகத் தொலைந்தவை. எல்லாம் மாறியை விரிக்கும் ஒரே செயற்கூறிலிருந்து.

ஒரு சுற்றுக்கு இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 256 பைட். மணிக்கு 1,800 சுற்று என்றால் 900 கேபி வருகிறது. பையில் அளந்ததோ 956. கணக்கு 56 கேபி உதைத்தது. வேறொரு கசிவு ஒளிந்திருக்கிறதோ என்று இருவரும் தேடினோம். இல்லை. வால்கிரிண்ட் சொல்வது நாம் கேட்ட அளவு. 64 பிட் ஜிலிப்சி ஒவ்வொரு துண்டுக்கும் 8 பைட் தலைப்புச் சேர்த்து 16இன் மடங்காக மேலே தள்ளும், ஆக 256 கேட்டால் 272 போகும். இரண்டு துண்டுக்கு 544, அதை 1,800ஆல் பெருக்கி 1,024ஆல் வகுத்தால் 956. ஐயாவிடம் இதைக் காட்டியபோது அவர்தான் முதலில் தலையசைத்தார். ரப்பர்த் தோட்டத்துப் பால் கணக்கில் வாளி எடையைக் கழித்தோமா என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. இந்த ஒட்டு மொத்தச் சரிபார்ப்பை நான் வலியுறுத்திச் சொல்வேன். கண்டுபிடித்த கசிவை எண்ணிக்கையால் பெருக்கி, அளந்த சரிவோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தினால்தான் அந்தக் கசிவு பிடிபட்டது என்று அர்த்தம்.

சரி, அந்தச் செயற்கூறில் என்ன தவறு? சொல்லில் மாறிக் குறி இருந்தால் அது 256 பைட்டில் புது இடம் வாங்கி, விரித்த சொல்லை அதில் எழுதித் தரும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட் என்பதால் தொடக்கத்திலேயே இடத்தைத் தாராளமாக வைத்திருந்தேன். மாறிக் குறி இல்லாவிட்டால், எதற்கு வீண் நகல் என்று வந்த சுட்டியையே (இடத்தின் முகவரியையே) அப்படியே திருப்பித் தரும். வேகத்துக்காக நானே யோசித்துச் செய்தது அது.

அங்கேதான் வினை. திரும்பி வந்த சுட்டி யாருடையது என்று அழைத்தவருக்குத் தெரியாது. புதிதாக வாங்கியது என்றால் அழைத்தவர் விடுவிக்க வேண்டும். பழைய சுட்டி என்றால் அது, தட்டிய கட்டளையை ஷெல் பிரித்து வைக்கும் கட்டளை மரத்துக்குச் சொந்தம், மரம் கலையும்போது அதுவே விடுவிக்கும். ஆரம்பத்தில் நான் எப்போதும் விடுவித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே இடத்தை இரண்டு முறை விடுவித்ததாக ஜிலிப்சி ஷெல்லை நிறுத்தியது. அன்றைக்கு அவசரம், மறுநாள் ராம்பில் நிறுவ வேண்டும். விடுவிக்கும் வரியை எடுத்துவிட்டேன், ஷெல் விழாமல் ஓடியது. மாற்றப் பதிவில் இன்றும் அந்த வரி இருக்கிறது: 'இருமுறை விடுவிப்பு சரி செய்யப்பட்டது'. இந்தக் கசிவு பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

திருத்தம் மூன்று வரி. மாறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் புது நகலையே தருவது, அழைத்தவர் எப்போதும் விடுவிப்பது. மிச்சப்படுத்த நினைத்த அந்த ஒரு நகலின் செலவு எந்த அளவையிலும் தென்படவே இல்லை.

இன்னொரு விஷயமும் விளங்கியது. வெளிக் கட்டளைகளிலும் இதே செயற்கூறுதான் மாறியை விரிக்கிறது. அங்கே ஏன் கசியவில்லை? ஃபோர்க்குக்குப் பிறகு பிள்ளைக்குள் விரிப்பதால், கசிவும் பிள்ளையோடு போய்விடுகிறது. 'எடை', 'பதி' இரண்டும் ஷெல்லின் உள்கட்டளைகள், தாய்க்குள்ளேயே ஓடுபவை. ஒரே பிழை ஓரிடத்தில் தெரியாமல் மறைந்து, இன்னோரிடத்தில் பெட்டியைச் சாகடிக்கிறது.

பாதியில் நின்ற கட்டளைகள்

அடுத்ததை வரைபடம் காட்டவில்லை, சந்தேகம்தான் காட்டியது. வண்டி எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டால் ஐயா கண்ட்ரோல்-சி அழுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். ஷெல் எழுதுகிறவர்கள் பலரும் செய்வது போல நானும் பிழை வந்தால் லாங்ஜம்ப் வழியாக ஒரே தாவலில் முதன்மைச் சுற்றுக்குத் திரும்புகிறேன். அந்தத் தாவலில் நடுவே இருக்கும் செயற்கூறுகள் தங்கள் கடைசி வரிகளை அடையாமலேயே போய்விடும். விடுவிப்பெல்லாம் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கும்.

கட்டளையைப் பாதி படித்த நிலையில், கண்ட்ரோல்-சி அனுப்பும் குறுக்கிடும் சமிக்ஞையை 500 முறை அனுப்பிப் பார்த்தோம். 500 மரங்களின் வேர் திட்டவட்டமாகத் தொலைந்திருந்தது. அவற்றின் கிளைகள் மறைமுகமாகத் தொலைந்தவை என்ற தலைப்பில் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்தப் பெரிய எண்ணைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வேரைப் பிடித்தால் கிளை தானாக வரும்.

ஒவ்வொரு இடத்திலும் விடுவிப்பைச் சேர்த்துக்கொண்டே போனால் முடிவே இராது. கென்னத் அல்ம்குவிஸ்ட் 1989இல் எழுதிய ஆஷ் ஷெல், அதிலிருந்து வந்த டெபியனின் டேஷ், இவை இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கின்றன. கட்டளை தொடங்கும்போது ஓர் அடையாளம் வைப்பது, நடுவில் வேண்டியதையெல்லாம் அடுக்கு அடுக்காக ஒரே தொகுதியிலிருந்து எடுப்பது, கட்டளை முடிந்தாலும் முறிந்தாலும் அடையாளம் வரை மொத்தமாக விட்டுவிடுவது. செட்ஸ்டாக்மார்க், பாப்ஸ்டாக்மார்க் என்ற இரண்டு பெயரைத் தேடிப் பிடித்து டேஷின் குறிமுறையைப் படியுங்கள், ஒரு மாலை நேரம் போதும். இஸட்ஷெல்லும் தன் பாணியில் இதையே செய்கிறது. நானும் அந்த வழிக்கு மாறினேன். கூடவே சமிக்ஞை வந்த இடத்திலிருந்தே தாவுவதையும் நிறுத்தினேன், ஏனென்றால் மாலாக் பாதி வேலையில் இருக்கும்போது தாவினால் அதன் உள்கணக்கே குலையும். இப்போது சமிக்ஞை ஒரு கொடியை மட்டும் உயர்த்தும். பாதுகாப்பான இடம் வந்ததும் ஷெல் கொடியைப் பார்த்துத் தாவும்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. எல்லாம் ஒரே தொகுதிக்குள் இருப்பதால் வால்கிரிண்டும் ஆட்ரஸ் சானிட்டைசர் என்ற இன்னொரு சோதனைக் கருவியும் குருடாகிவிடும். விட்டுவிட்ட இடத்தை யாராவது தொட்டாலும் அவற்றுக்குத் தெரியாது, தொகுதி இன்னும் உயிரோடுதானே இருக்கிறது. மாற்றிய வாரமே 'வேலைகள்' பட்டியலில் ஒரு லோரி எண்ணுக்கு எதிரே வேறொரு லோரியின் பெயர் வந்தது. வேலைப் பட்டியல் கட்டளையை விட நீண்ட நாள் வாழ்வது, ஆனால் அதன் சுட்டி தொகுதிக்குள்ளேயே நின்றிருந்தது. நல்லவேளை, அது என் மேசையில் நடந்தது, ராம்பில் இல்லை. அதன் பிறகு சோதனைத் தொகுப்பில் மட்டும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனி மாலாக்காகவே வாங்கி, அடையாளம் வரும்போது தனித்தனியாக விடுவிக்கிறோம். மெதுவாக ஓடும், ஆனால் கருவிகளுக்குக் கண் திரும்பிவிடும்.

யாரும் வெட்டாத மரத்து மங்கு

இரண்டையும் திருத்திப் பையில் போட்டு மறுபடி ஒரு வாரம் அளந்தோம். இரவுக் கோடு தட்டை. பகலில் மட்டும் சின்னச் சின்னப் படியாக ஏறியது, நாளுக்கு ஏறத்தாழ 520 கேபி. முன்பு இது பெரிய கசிவின் நிழலில் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றாடம் அறுபத்தைந்து ரசீது வரை போகும். ஒரு ரசீதுக்கு ஒரு படி, ஒரு படி 8 கேபி.

வால்கிரிண்டில் ரசீதுகளை ஓட்டினால் ஒன்றும் இல்லை. வாங்கிய எல்லாத் துண்டும் விடுவிக்கப்பட்டன, கசிவுக்கு வாய்ப்பே இல்லை என்றது.

என் அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். ரப்பர்த் தோட்டத்தில் மங்கு, அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம், இரண்டு விதமாகக் கணக்கில் இல்லாமல் போகும். ஒன்று, கீழே விழுந்து இலைக்குள் புதைந்துபோவது. அது எந்த மரத்துடையது என்று யாருக்கும் தெரியாது. வால்கிரிண்ட் தொலைந்தது என்று சொல்வது அதை. இன்னொன்று, மரத்திலேயே கம்பியில் பத்திரமாக இருக்கும், ஆனால் அந்த நிரையை யாரும் வெட்டுவதில்லை. எண்ணிக்கையில் வரும், பயனில் வராது. ஷெல் இன்னும் சுட்டியை வைத்திருக்கிறது, ஆனால் இனி ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்ற நிலை இது. எட்டக்கூடியது என்றே எந்தக் கருவியும் சொல்லும். அது வீணா இல்லையா என்று அதற்குத் தெரியாது, எழுதியவருக்குத்தான் தெரியும்.

எங்கள் மங்கு வேலைப் பட்டியலில் இருந்தது. பின்னணியில் ஒரு ரசீது அச்சாகும்போது அதன் முழு உரையும் 8 கேபி இடத்தில் பட்டியலில் ஏறும். வேலை முடிந்தால் 'முடிந்தது' என்று திரையில் காட்டிவிட்டு அந்தப் பதிவை நீக்குவது வழக்கம். ஆனால் ரசீது ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து கிளம்புவதால் அங்கே அறிவிப்பே கிடையாது. அறிவிப்பு இல்லாததால் நீக்கமும் இல்லை. பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஷெல் மூடும்போது எல்லாவற்றையும் ஒழுங்காக விடுவிக்கும் ஒரு செயற்கூறை நான் எழுதி வைத்திருந்தேன். அது கடைசி நிமிடத்தில் பட்டியலையும் துடைத்துவிட, வால்கிரிண்ட் பார்க்கும்போது இடம் சுத்தமாக இருந்தது. பாஷ் போன்ற ஷெல்கள் மூடும்போது எல்லாவற்றையும் விடுவிப்பதில்லை, கெர்னல் எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றன. அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். இங்கே என் சுத்தம்தான் தடயத்தை அழித்தது.

அதனால் சாகும்வரை காத்திருக்காமல், ஓடும்போதே கேட்டோம். விஜிடிபி என்ற துணைக் கருவியால் வால்கிரிண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடம் எந்த நேரத்திலும் கசிவு அறிக்கை கேட்கலாம். போன தடவையைவிட எது ஏறியிருக்கிறது என்று மட்டும் சொல், எட்டக்கூடியதையும் சேர்த்துச் சொல் என்று கேட்க முடியும். பத்து ரசீது, ஓர் அறிக்கை. இன்னும் பத்து ரசீது, இன்னோர் அறிக்கை. இரண்டாவதில் ஒரே ஒரு இடம் சரியாகப் பத்துத் துண்டு ஏறியிருந்தது. அதன் அழைப்புத் தொடர் நேராக வேலைப் பட்டியலுக்குப் போனது.

நாளுக்கு அரை எம்பிதானே, வருடத்துக்கு இருநூறு எம்பிகூட வராது, விட்டுவிடலாமா என்று மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் விடவில்லை. ஒவ்வொரு பிள்ளை முடியும்போதும் ஷெல் அந்தப் பட்டியலை முதலிலிருந்து தேடுகிறது. பட்டியல் நீள நீளத் தேடலும் நீளும். நினைவகம் தாங்கினாலும் நேரம் தாங்காது. இப்போது வேலை முடிந்தவுடன் உரையை விடுவித்து, வெளியேறும் நிலையை மட்டும் வைத்துக்கொள்கிறோம், அதுவும் கடைசி 64க்கு மட்டும். பாஷும் இப்படித்தான் ஒரு வரம்பு வைத்திருக்கிறது, அதன் உச்சம் 8,192.

பெட்டி இப்போது 61 நாளாக அணையாமல் ஓடுகிறது. யு.பி.எஸ். மேசைக்குக் கீழேதான் இருக்கிறது, இடையில் மூன்று தடவை மின்சாரம் போய்வந்தது. விஎம்ஆர்எஸ்எஸ் முதல் நாளில் 4,000 கேபியிலிருந்து ஏறி 4,212இல் நின்றது, அதற்கு மேல் போகவில்லை.

மாணவி ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அசல் ஸ்கிரிப்டை 100,000 சுற்று ஓட்டும், நடுநடுவே கண்ட்ரோல்-சி அனுப்பும், ரசீது போடும். 1,000ஆவது சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் பயன்பாட்டில் உள்ள பைட்டை எடுத்து ஒப்பிடும். ஒரு பைட் கூடினாலும் சோதனை தோல்வி. போன சனிக்கிழமை இரண்டிலும் 186,432.